அத்தை போட்ட கையெழுத்தும் ஒரு வில்லங்கச் சான்றிதழும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா உண்மை அது இல்ல. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சே காலம் ஓடிப்போச்சு. எங்க வீட்டு விஷயம். அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் எழுதறேன். "பேரு ஊரு போடாம எழுது"ன்னாரு. போடல.

போன வாரம் டீக்கடையில கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் கேட்டான். "மச்சான், பரம்பரைச் சொத்தை ஒருத்தன் ஆட்டையப் போட்டுட்டா சட்டப்படி திரும்ப வாங்க என்னடா வழி?" அவன் மனசுல இருந்தது சினிமா வில்லன். வெள்ளை வேட்டி, நாலு டாட்டா சுமோ, போலிப் பத்திரம். எனக்கு டீ தொண்டையில இறங்கல. ஏன்னா அந்தக் கேள்விக்கான பதிலை ஒரு வருஷத்துக்கும் மேலா தேடிப் படிச்சு வெச்சிருக்கேன். ஆனா எங்க கதையில சுமோ கிடையாது. ஆட்டையப் போட்டது நாங்கதான்.

கதை இதுதான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவுக்கு 3 ஏக்கர் 60 சென்ட் நிலம், அவங்க அப்பா வழியா வந்தது. பெரியப்பா, அப்பா, கடைசியா அத்தைன்னு மூணு பிள்ளைங்க. அத்தைக்கு 1986ல கல்யாணம். ஆச்சி 2006ல போயிட்டாங்க. தாத்தா 2011ல போனாரு. உயில் எதுவும் எழுதல.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சோலார் ஆளுங்க நிலம் கேட்டு வந்து, வில்லங்கம் எடுத்துக் கொடுங்கன்னு சொல்லியிருந்தாங்க. நம்மளைத்தான் கம்ப்யூட்டர்காரன்னு சொல்லி உட்கார வெச்சுடுவாங்களே. பதிவுத்துறை இணையதளத்துல சர்வே நம்பரைப் போட்டேன். வரிசையா வந்துது. 2014ல அப்பா ஒரு ஏக்கரை வித்த கிரையம். அதுக்கு மேல, 2012 நவம்பர்ல ஒரு ஆவணம். தன்மை: விடுதலை. எழுதிக் கொடுத்தவர்: அத்தை. எழுதி வாங்கியவர்கள்: பெரியப்பாவும் அப்பாவும். கைமாற்றுத் தொகை: பத்தாயிரம் ரூபாய்.

சார்பதிவாளர் ஆபீஸ்ல மனுப் போட்டு நகல் வாங்கிப் படிச்சேன். அத்தை தன் பாகம் முழுசையும் மனப்பூர்வமா அண்ணன்மாருக்கு விட்டுக் கொடுத்ததா எழுதியிருந்தது. கீழே அத்தையோட கையெழுத்து. அத்தை அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க. தன் பேரை ஒவ்வொரு எழுத்தா வரைவாங்க. அந்தக் கையெழுத்து பத்திரத்துல கோட்டுக்குக் கீழே சரிஞ்சு ஓடியிருந்தது.

அந்த ஒரு ஏக்கர் எதுக்கு வித்தாங்கன்னு நான் இன்னும் சொல்லலையே. என் இன்ஜினியரிங் ஃபீசுக்கு. 2014ல நான் காலேஜ் சேர்ந்தேன். அதாவது நான் இன்னைக்கு ஏசி ரூம்ல உட்கார்ந்து பொட்டி தட்டறதுக்கான முதல்ல அத்தை பங்கும் இருக்கு. இதை எந்த வக்கீலும் சொல்ல வேண்டியதில்ல. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

கணக்கைப் பார்ப்போம். நிலம் பூர்வீகம்னு வெச்சுக்கிட்டா, 2005ல வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டப்படி மகளும் மகனை மாதிரியே பிறப்பாலேயே பங்குதாரர். தாத்தாவுக்கும் மூணு பிள்ளைங்களுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. தாத்தா போன பிறகு அவரோட கால் பங்கை மூணு பேரும் சமமா எடுத்துக்கணும். ஆக ஆளுக்கு மூணுல ஒண்ணு. சரி, தாத்தாவோட சுயசம்பாத்தியம்னே வெச்சுக்கோங்க. உயில் இல்லாததால 1956 சட்டப்படியே மூணு பேருக்கும் சமம். அப்பவும் மூணுல ஒண்ணுதான். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அத்தைக்கு 1 ஏக்கர் 20 சென்ட் வருது.

"அத்தைக்கு 1986லயே கல்யாணம் ஆயிடுச்சே"ன்னு ஒரு கேள்வி வரும். தமிழ்நாடு 1989லயே மகளுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு கொடுத்துச்சு. நல்ல விஷயம்தான். செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது 1929ல. அறுபது வருஷம் கழிச்சு சட்டமா வந்தது. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு அது பொருந்தாதுன்னு ஒரு கொக்கி இருந்தது. மத்திய அரசோட 2005 திருத்தத்துல அந்தக் கொக்கி இல்ல. கல்யாணம் எப்ப ஆனாலும் மகள் மகள்தான். அப்பா 2005க்கு முன்னாடியே இறந்திருந்தா என்னங்கற குழப்பத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல தீர்த்துடுச்சு. அவரு அந்த தேதியில உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்ல. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவுப் பத்திரம் மூலமாவோ கோர்ட் டிகிரி மூலமாவோ பாகம் பிரிச்சிருந்தா மட்டும் அதைத் தொட முடியாது. "அப்பவே வாய்மொழியா பிரிச்சாச்சு"ன்னு சும்மா சொன்னா எடுபடாது. அசைக்க முடியாத அரசு ஆவணம் ஏதாவது அதுக்கு ஆதாரமா இருக்கணும்.

சரி, நண்பன் கேட்ட கேள்விக்கு வரேன். பறிபோன பாகத்தை மீட்க என்னென்ன வழி? நான் வக்கீல் இல்ல. ஆனா ஒரு வக்கீல் அம்மாகிட்ட மூணு தடவை போய் உட்கார்ந்து கேட்டு, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

1. முதல்ல காகிதத்தைச் சேருங்க. வில்லங்கம், மூலப்பத்திர நகல், பட்டா, அ-பதிவேடு, வாரிசுச் சான்றிதழ். பட்டா அவன் பேருல இருக்குன்னு பயப்படாதீங்க. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைக் கொடுத்துடாது. அதேமாதிரி "அக்கா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிட்டா"ன்னு சபையில பேசுறதுக்கும் மதிப்பு இல்ல. நிலத்துல இருக்கற பாகத்தை விட்டுக் கொடுக்கணும்னா பதிவு செஞ்ச பத்திரம் வேணும். பல வீடுகள்ல அப்படிப் பத்திரமே இருக்காது. வெறும் பேச்சும் பட்டாவும்தான். அங்கெல்லாம் பாகம் இன்னும் உயிரோட இருக்கு.

2. பாகப்பிரிவினை வழக்கு. நிலம் இருக்கற எல்லைக்கான சிவில் கோர்ட்ல போடணும். முதல்ல யாருக்கு எவ்வளவுன்னு முதல்நிலைத் தீர்ப்பு, அப்புறம் ஆணையர் வந்து அளந்து பிரிச்சு இறுதித் தீர்ப்பு. கூட்டுக் குடும்பச் சொத்துல இருந்து தன்னை ஒதுக்கிட்டாங்கன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து 12 வருஷம் கெடு. அண்ணன் உழுதுக்கிட்டிருக்காருங்கறதாலயே தங்கச்சி உரிமை போயிடாது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் அனுபவிக்கறது எல்லாருக்காகவும்னுதான் சட்டம் பார்க்கும். கோர்ட் ஃபீஸ்லயும் ஒரு விஷயம் இருக்கு. கூட்டு அனுபவத்துல இருக்கோம்னா நிலையான சின்னக் கட்டணம். வெளியேத்திட்டாங்கன்னா பங்கோட மதிப்புக்கு ஏத்த கட்டணம்.

3. பத்திரத்தையே எதிர்க்கறது. ஏமாத்தி வாங்கினது தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள ரத்து கேட்டு வழக்குப் போடணும். இதுல நுணுக்கமான ஒரு வித்தியாசம் இருக்கு. பத்திரம் எதுன்னு தெரிஞ்சு, உள்ளே இருக்கற விவரத்துல ஏமாந்தா அது ஒரு வகை. அது செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போய் ரத்து பண்ணினாத்தான் ரத்து. என்ன பத்திரம்னே தெரியாம, வேற ஏதோன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டா அது ஆரம்பத்துல இருந்தே செல்லாது. உச்ச நீதிமன்றம் 1968லயே இந்தப் பிரிவைச் சொல்லியிருக்கு. ஆனா அதை நிரூபிக்கணும். பதிவான பத்திரம் சரியானதுன்னுதான் கோர்ட் ஆரம்பிக்கும்.

4. திடீர்னு ஒரு உயிலை நீட்டினா கலங்காதீங்க. உயிலுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்கணும். சாட்சி உயிரோட இருந்தா ஒருத்தராவது கோர்ட்ல வந்து சொல்லணும். பதிவு பண்ணின உயிலா இருந்தாலும் இதே கதைதான். சந்தேகத்துக்கு இடமிருந்தா அதைத் தீர்க்கற பொறுப்பு உயிலைக் காட்டறவரோடது.

5. வழக்கு நடக்கும்போது நிலத்தை விக்காம தடை உத்தரவு கேட்கலாம். அப்படியும் வித்தா, வாங்கினவரு தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவருதான். ஏற்கனவே ஒரு பகுதி வித்துட்டா, வித்தவரோட பங்குலயே அதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம். வாங்கின அப்பாவியும் பிழைச்சுக்குவாரு.

6. பணம் இல்லையேன்னு நினைக்கறவங்களுக்கு: 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும். வழக்குப் போடறதுக்கு முன்னாடியே அவங்க மூலமா சமரசத்துக்கும் கூப்பிடலாம். மக்கள் நீதிமன்றத்துல ஒத்துக்கிட்டா அது கோர்ட் டிகிரிக்குச் சமம். அப்பீல் கிடையாது.

7. போலீஸ். ஆள்மாறாட்டம், போலிக் கையெழுத்துன்னா கண்டிப்பா புகார் கொடுக்கணும். எங்க கதை மாதிரி கையெழுத்து நிஜம்னா "இது சிவில் மேட்டர் தம்பி, கோர்ட்டுக்குப் போங்க"ங்கறதுதான் பெரும்பாலும் கிடைக்கற பதில். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து பண்ணலாம்னு தமிழ்நாட்டுல 2022ல 77-ஏன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க. சென்னை உயர் நீதிமன்றம் 2024ல அது செல்லாதுன்னுடுச்சு. அதை நம்பி உட்கார்ந்து கெடுவைக் கோட்டை விட்டுடாதீங்க.

(இதெல்லாம் இந்துக்களுக்கான சட்டத்தை வெச்சுச் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவங்க தனிச்சட்டம். பங்குக் கணக்கு மாறும்.)

இவ்வளவு வழி இருக்கு இல்லையா? இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு, 2024 ஆகஸ்ட்ல அத்தை வீட்டுக்குப் போனேன். நகலைக் காட்டிப் படிச்சுச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க.

"பட்டா மாத்தணும், நீயும் வந்து ஒரு கையெழுத்துப் போடுன்னுதான் பெரியண்ணன் சொன்னாவ மருமவனே. எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்குள்ள அவசரப்படுத்திட்டாவ. ஒங்கப்பாதான் பேனாவ எடுத்துக் குடுத்தாவ. வரும்போது ஒரு சேலையும் பத்தாயிரமும் குடுத்தாவ. அப்பா போன வருசத்துக்கு அண்ணன்மாரு செய்யதுன்னுல்லா நான் நெனச்சேன்."

கேஸ் போடலாம் அத்தை, நான் சாட்சி சொல்றேன்னு சொன்னேன். வீரமாத்தான் சொன்னேன். அத்தை சிரிச்சாங்க.

"கோட்டுப் படி ஏறிட்டு எந்த மொகத்தோட அந்த வீட்டுப் படி ஏறதுக்கு? எம் மவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டாமா? நெலம் இல்லாம இத்தன வருசம் இருந்துட்டேன். பொறந்த வீடு இல்லாம எப்படிய்யா இருக்க?"

இதுதான் மக்களே நான் சொல்ல வந்தது. "சட்டம் இருக்கு, வேணும்னா கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே"ன்னு நாம ரொம்ப சுலபமாச் சொல்றோம். அந்தக் கேள்விக்கு ஒரு விலை இருக்கு. பாகம் கேட்ட அன்னைக்குப் பிறந்த வீடு கதவைச் சாத்தும். ஆடிக்கு அழைப்பு வராது, பொங்கல் படி வராது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. எங்க அத்தை மாதிரி பொண்ணுங்க "வேண்டாம்"னு சொல்றது தாராள மனசுல மட்டும் இல்ல, பயத்துலயும்தான். அந்தப் பயத்தை உண்டாக்கினவங்களே அதைக் காட்டி "அவளே கேக்கலையே"ன்னு சொல்றது இருக்கு பாருங்க, அதைத்தான் நான் திருட்டுன்னு சொல்றேன்.

"நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே"ன்னு அடுத்த வாதம். சீர் செஞ்சா பாகத்துல கழிச்சுக்கலாம்னு 1956 சட்டத்துல எங்கேயும் இல்ல. அப்படிப் பார்த்தா என் நாலு வருஷ ஃபீசை அப்பாவோட பங்குல யாராவது கழிச்சாங்களா? பையனுக்குச் செலவு பண்ணினா படிப்பு, பொண்ணுக்குச் செலவு பண்ணினா பங்கு. நல்லா இருக்கு நியாயம்.

இப்ப எனக்குத் தூக்கம் கெடற விஷயத்துக்கு வரேன். மூணாவது வழியில "தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம்"னு எழுதினேன் இல்லையா? அத்தைக்கு அந்தப் பத்திரம் என்னன்னு தெரிஞ்சது நான் படிச்சுச் சொன்ன அன்னைக்கு. அதாவது கெடுவை ஓட விட்டதே நான்தான். 2027 ஆகஸ்ட்ல முடியும். எதிர்த்தரப்பு அதைக்கூட ஒத்துக்காது. "2012ல கையெழுத்துப் போட்டப்பவே தெரியும், 12 வருஷக் கெடுவும் 2024 நவம்பரோட போச்சு"ன்னுதான் வாதாடுவாங்க. எதிர்த்தரப்புன்னா யாரு? அப்பாவும் பெரியப்பாவும். அவங்களுக்கு அடுத்து வாரிசுங்கற முறையில நானும்தான். ஒரு பக்கம் அத்தைக்குச் சாட்சி, இன்னொரு பக்கம் கெடு முடிஞ்சா லாபம் அடையற ஆளு. கோடு அடிக்கும்போது இப்படி ஒரு கேஸ் வந்தா டிசைனே தப்புன்னு தூக்கிப் போட்டுருப்பேன். :)

அதனால எனக்குத் தோணற எட்டாவது வழி, எந்த வக்கீலும் முதல்ல சொல்லாதது: எடுத்தவங்களே திருப்பிக் கொடுக்கறது. இதுக்கு வழக்கு வேண்டாம், கோர்ட்ல சாட்சி சொல்ல வேண்டாம், கெடுவும் கிடையாது. ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணினா முடிஞ்சுது. குடும்பத்துக்குள்ள எழுதற பத்திரத்துக்குத் தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வையில சலுகை உண்டு. எந்த உறவுக்கெல்லாம் பொருந்தும்னு சார்பதிவாளர் ஆபீஸ்ல கேட்டுக்கலாம். கேக்க வேண்டியது அத்தை இல்ல. அந்த வீட்டுல சாப்பிட்டு வளர்ந்த நாமதான் அப்பாகிட்ட கேக்கணும். நாம கேட்டா யாருக்கும் பிறந்த வீடு போகாது. மிஞ்சிப்போனா ஒரு மாசம் பேச மாட்டாங்க.

எங்கப்பா மூணு மாசம் பேசல. "எல, நீயே ஊருக்குள்ள நம்மளத் திருடன்னு சொல்லுத"ன்னாரு. நான் எதிர்த்துப் பேசல. அந்த ஒரு ஏக்கர் என் தலையில எழுதினதுப்பா, அதுல என் பங்கைச் சம்பளத்துல இருந்து தரேன்னு மட்டும் சொன்னேன். அவரு பேருல இப்ப மிச்சம் 80 சென்ட். அத்தைக்கு ரெண்டு அண்ணன்மாரும் ஆளுக்கு 60 சென்ட் கொடுத்தா கணக்கு நேராகும். அப்பாவுக்கு 20 சென்ட்தான் மிஞ்சும். அந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டுல போட்டு டிவி மேல வெச்சுட்டு சென்னைக்கு வந்துட்டேன்.

2025 தீபாவளிக்குப் போனப்ப அந்தச் சீட்டு அப்பாவோட கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்தது. கிணத்துப் பக்கம் வர்ற மாதிரி 60 சென்ட்டை அளக்க சர்வேயரைக் கேட்டிருக்கேன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. பெரியப்பா இன்னும் அசையல. எங்களோட பேச்சும் இல்ல. பாதி வந்தாலும் மீதி பாதி அத்தைக்கு இன்னும் வரணும். 2027 ஆகஸ்ட் என் போன் காலண்டர்ல சிவப்பா நிக்குது. அதுக்குள்ள பெரியப்பா மனசு மாறலைன்னா அத்தையை இன்னொரு தடவை கேப்பேன். முடிவு அவங்களோடது.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வாரக் கடைசியில உங்க ஊர் நிலத்துக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்க. எழுதிக் கொடுத்தவர்ங்கற இடத்துல உங்க அத்தை பேரோ, அக்கா பேரோ இருக்கான்னு பாருங்க. இருந்தா அவங்களுக்கு போன் போடறதுக்கு முன்னாடி உங்க அப்பாகிட்ட பேசுங்க.

டிஸ்கி: இது சட்ட ஆலோசனை இல்ல, பொட்டி தட்டறவன் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. உங்க கேசுக்கு உங்க காகிதங்களோட நல்ல சிவில் வக்கீலைப் பாருங்க. தேதி முக்கியம், தள்ளிப் போடாதீங்க.